வரப் பதினாறு, போக ஆறு

நயினாதீவு,
தை மாதம், பொங்கல் கழிந்த கிழமை.

கனம் பொருந்திய சம்பந்தியார் திரு. அரியநாயகம் அவர்களுக்கும் சம்பந்தி அம்மா சறோஜினிதேவி அவர்களுக்கும் ஏரம்பு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மனுசி இரஞ்சிதமும் எங்கள் கோயில் அம்மாள் துணையால் இங்கே சுகம். நீங்களும் கொழும்பு வெள்ளவத்தையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரைக்காவது அந்தச் சுகம் குறையாமல் இருக்கவேண்டும் என்று அம்மாளை வேண்டிக்கொண்டுதான் பேனையைத் திறக்கிறேன்.

முதலில் சந்தோசமான சங்கதி. இது என் சொந்தக் கையெழுத்து. எங்கள் வாசிகசாலையில் ஆவணி தொடக்கம் பின்னேரங்களில் வயது வந்தவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார்கள். சுலோஜனா ரீச்சர் படிப்பிக்கிறா. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் நான் ஆடுகளுக்குப் பின்னால் போனவன். இலக்கமும் மணிக்கூடும் தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. எழுபத்திரண்டு வயதில் ‘அ’ எழுதிய அன்று இரஞ்சிதம் மோதகம் அவித்தாள். முன்பு நான் உங்களுக்கு அனுப்பிய கடிதங்களெல்லாம் சந்தியில் கடை வைத்திருந்த ஒருவர் எழுதித் தந்தவை. “சம்பந்தி ஒரு சுத்துமாத்துக்காரன், ஏமாத்துக்காரன் எண்டு எழுதும்” என்று நான் சொன்னால் அந்த மனிதர் “தங்கள் அன்பை என்றும் மறவேன்” என்று எழுதி ஒட்டிவிடுவார். பதில் அன்பாக வந்த பிறகுதான் எனக்கு விளங்கும். அந்தப் பதிலை வாசித்துக் காட்டியதும் அவர்தான், ஆகவே அதுவும் நிச்சயமில்லை. இப்போது எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. நான் நினைப்பதை நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் முடிகிறது, அதற்குக் கோபிக்காதேங்கோ. இந்தத் தாளின் இடது மூலை இல்லாததற்கு நான் பொறுப்பில்லை. மகன் கண்ணில் படக்கூடாது என்று ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு எழுதுகிறேன், மறி ஆடு ஒரு கடி கடித்துவிட்டது.

எழுத்துத் தெரிந்தால் நிம்மதி வரும் என்று ரீச்சர் சொன்னா. எனக்கு வந்தது வேறு. படகில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று பலகையில் எழுதியிருப்பதை வாசித்த நாள் தொடக்கம் ஏறி இருந்தவுடன் தலைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறேன். தைலப் போத்தலில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று இருக்கிறது. இருபது வருடமாக நான் அதில் இரண்டு சொட்டைச் சுடுதண்ணீரில் விட்டுக் குடித்து வருகிறேன். இப்படி ஒவ்வொன்றாக வாசித்து, உலகம் எனக்குச் சொல்லாமல் எத்தனை விசயத்தை வெளியில் எழுதி வைத்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மகன் சதீசனின் செய்தி ரெலிபோனில் வந்தது. உங்கள் மகள் சிவரூபிக்கும் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட நாட்களாம், அதனால் தான் மட்டும் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தான். என் சீவியத்தில் நானே வாசித்த முதல் செய்தி அது. இரஞ்சிதத்தைக் கூப்பிட்டு இருத்தி, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். வாசித்து முடிக்க அடுப்பில் கறி அடிப்பிடித்துவிட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

செய்தி இதுதான். லண்டனில் இரவு எட்டரைக்கு ஏறி, அடுத்த நாள் பகல் பன்னிரண்டரைக்குக் கொழும்பில் இறங்குவான். திரும்பிப் போகும்போது கொழும்பில் காலை ஏழு மணிக்கு ஏறி, பகல் ஒரு மணிக்கு லண்டனில் இறங்குவான். அன்றைக்கு எனக்கு வாசித்த சந்தோசம் மட்டும்தான். அடுத்த நாள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்களிடம் வருவதற்குப் பதினாறு மணித்தியாலம். எங்களை விட்டுப் போவதற்கு ஆறு மணித்தியாலம். திரும்பவும் எண்ணினேன், கால் விரலும் சேர்த்து. அதே பதினாறு, அதே ஆறு.

சம்பந்தி, நீங்கள் வேலணையில் பிறந்து தெற்கே போய் முப்பது வருடம் கடை வைத்தவர். தராசு பிடித்த கை. ஒரு தட்டில் பதினாறும் மற்றத் தட்டில் ஆறும் வைத்துவிட்டு நிறை சரி என்று ஒருவன் சொன்னால் சம்மதிப்பீர்களா? தூரம் இரண்டு பக்கமும் ஒன்றுதானே. எங்கள் இறங்குதுறையிலிருந்து அக்கரையிலுள்ள குறிகட்டுவான் எவ்வளவு தூரமோ, குறிகட்டுவானிலிருந்து எங்கள் இறங்குதுறையும் அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போனாலும் நானூறு கிலோமீற்றர், வந்தாலும் நானூறு. பஸ்காரன் இரண்டுக்கும் ஒரே காசுதான் வாங்குகிறான். அப்படியிருக்க, இந்த ஒரு பயணத்தில் மட்டும் பத்து மணித்தியாலம் எங்கே போனது?

படகோட்டி கனகசபையிடம் கேட்டேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை, பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன்.

“அண்ணை, காத்துக்கு எதிரை போனால் சுணங்கும், காத்தோடை போனால் கெதியாப் போகும். பிளேனுக்கும் அதுதான்,” என்றான்.

“வாடைக்காத்து உரத்து அடிச்ச நாளிலையும் நீ குறிகட்டுவானுக்குப் போறதுக்கும் வாறதுக்கும் கால் மணித்தியாலந்தான் வித்தியாசம். பத்து மணித்தியாலக் காத்து எண்டு ஒண்டு இருக்கோ, கனகசபை?”

“அப்ப வழியிலை எங்கையோ அணைஞ்சு நிண்டிருக்கும்.”

“ஆகாயத்திலை எங்கை அணையிறது?”

“எனக்கென்ன தெரியும் அண்ணை, எனக்கு இந்த ஒரு கடல்தான். மருமக்கள்மார் அணையிற துறை ஒண்டுதானே உலகத்திலை. மாமியார் வீடு.”

படகில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரையில் இறங்கி நாலு எட்டு நடந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்கு உள்ளே போய்க் குத்தியது.

அவசரப்பட்டு ஒருவர்மேல் பழி போடுகிற ஆள் நான் இல்லை. சுலோஜனா ரீச்சரிடமும் கேட்டேன்.

“ஏரம்பு ஐயா, இஞ்சை விடியேக்கை அங்கை சாமம். அங்கத்தை மணி வேறை, இஞ்சத்தை மணி வேறை,” என்றா.

“அது தெரியும் ரீச்சர். பொடியன் ஒன்பது வருசமா அங்கை. நான் கேக்கிறது பிளேனின்ரை மணி.”

“பிளேனுக்கெண்டு ஒரு மணி இல்லை ஐயா. ஏறுற இடத்திலை அந்த ஊர் மணி, இறங்கிற இடத்திலை இந்த ஊர் மணி.”

“அப்ப நடுவழியிலை?”

ரீச்சர் பலகையில் அடுத்த பாடத்தை எழுதத் தொடங்கினா. பதில் தெரிந்தவர்கள் பாடத்தை மாற்றுவதில்லை. உங்களுக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்தது. எங்கள் தீவில் பாதிப்பேர் பழைய நேரம், பாதிப்பேர் புதிய நேரம். கோயில் பூசை ஒரு நேரம், அரசாங்கக் கந்தோர் ஒரு நேரம். கலியாண வீட்டுக்குப் பழைய நேரத்தில் போனவர்கள் புதிய நேரத்துச் சாப்பாட்டைத் தவறவிட்டார்கள். அந்தக் குழப்பத்திலும் படகு மட்டும் ஒரு நேரத்தில்தான் ஓடியது. ஏறுகிற கரையில் பழைய நேரம், இறங்குகிற கரையில் புதிய நேரம் என்று எந்தப் படகாவது ஓடியதா? ஓடியிருந்தால் போகும்போது ஒன்றேகால் மணித்தியாலம், வரும்போது கால் மணித்தியாலம் என்று கணக்கு வந்திருக்கும், சனம் படகோட்டியைக் கடலில் தள்ளியிருக்கும். கட்டுமரமோ விமானமோ, ஒரு ஓட்டத்துக்கு ஒரு மணிதான். இதை நான் சொன்னபோது ரீச்சர் தன் ரெலிபோனில் எதையோ தட்டிக் காட்டினா. கொழும்புக்கும் லண்டனுக்கும் நடுவில் எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றராம், நேர்கோட்டில் அளந்ததாம், பறக்கப் பத்துத் தொடக்கம் பதினொரு மணித்தியாலம் வரையாம்.

“எந்தப் பக்கம் போக, ரீச்சர்?”

“ரெண்டு பக்கமும் அவ்வளவுதான் ஐயா.”

அரைப் பரப்புக் காணி அளப்பதற்கே இரண்டு பக்கமும் ஆள் நிறுத்திச் சங்கிலி பிடிக்கிறார்கள், அதிலும் ஒரு முழம் பக்கத்துக் காணிக்குள் போய்விடுகிறது. லண்டன் வரைக்கும் ஆகாயத்தில் சங்கிலி பிடித்தது யார் என்று கேட்டேன். ரீச்சர் ரெலிபோனைப் பைக்குள் வைத்துவிட்டா. பிறகு விசாரித்ததில் ரீச்சரின் புருசனுக்கு ஊர் வேலணை என்று தெரிந்தது. நீங்களும் வேலணை. நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இனி என் கணக்கைச் சொல்கிறேன். போவதற்கு ஆறு மணித்தியாலம் என்றால் வருவதற்கும் ஆறுதான். லண்டனில் இரவு எட்டரைக்கு ஏறியவன் விடியப்புறம் இரண்டரைக்குக் கொழும்பில் இறங்கியிருக்க வேண்டும். எங்களுக்குச் சொன்னது பகல் பன்னிரண்டரை. இடையில் உள்ள பத்து மணித்தியாலமும் அவன் வெள்ளவத்தையில், உங்கள் நாலாம் மாடியில், குளிரூட்டிய அறையில் நித்திரைகொண்டு எழும்பி, குளித்து, காலைச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் எங்களிடம் வருவதற்கு வாடகை வான் வண்டி பிடித்திருக்கிறான். “விமானத்தாலை இறங்கி நேரை வானிலை வந்தனான் அம்மா” என்று தாயிடம் சொன்னான். ‘நேரே’ என்ற சொல்லைக் கேட்காமலே ஒருவன் சொன்னால் அங்கே ஒரு வளைவு இருக்கிறது என்று அர்த்தம்.

சாட்சி இல்லாமல் நான் எழுதவில்லை. அவன் காலை முதல் படகில் வந்து இறங்கினான். இரஞ்சிதம் விடிய எழும்பி நண்டுக் கறியும் திருக்கை வறையும் புட்டும் செய்து, வாழையிலை வெட்டிப் போட்டு வைத்திருந்தாள். பிள்ளை வெளிநாட்டால் வந்தால் முதல் சோறு தாயின் கையால் என்பது எங்கள் வீட்டு முறை, உங்களுக்கும் தெரியும். அவன் இலையின் முன்னால் இருந்து, நண்டின் ஒரு காலை எடுத்துச் சூப்பிவிட்டு, “வயிறு நிரம்பியிருக்கு அம்மா, பேந்து சாப்பிடுறன்” என்றான். ஒரு நாளும் ஒரு இரவும் பயணம் செய்தவனின் வயிறு எப்படி நிரம்பும்? இரண்டாவது, சட்டை. இவ்வளவு தூரம் வந்தவனின் சட்டை ஆட்டுத்தோல் மாதிரிக் கசங்கியிருக்க வேண்டும். அவன் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. யார் வீட்டு மின்னழுத்தி அது? மூன்றாவது சாட்சிதான் பெரியது. அன்று பின்னேரம் குசினிக்குள் போனேன். பலகையில் ஒரு எவர்சில்வர்ச் சட்டி. மூடியில் புள்ளி புள்ளியாக ஏதோ கொத்தியிருந்தது. முந்தியென்றால் கோலம் என்று நினைத்திருப்பேன். இப்போது வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். ச, றோ, ஜி, னி. மிச்சத்தையும் வாசித்தேன். தே, வி. சம்பந்தி அம்மாவின் பெயர். மூடியைத் திறந்தால் உள்ளே பயற்றம் பணியாரம். ஒன்றைத் தின்று பார்த்தேன். நல்ல ருசி. அதனால் சந்தேகம் இன்னும் உறுதியானது, இரஞ்சிதம் இவ்வளவு நன்றாகச் சுட மாட்டாள்.

அவளிடம் கேட்கவில்லை. மகன் விசயத்தில் அவள் மகன் பக்கம். அவனிடம் மட்டும் சாடையாகக் கேட்டேன். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றான்.

“தம்பி, வரேக்கை பிளேன் எத்தினை மணித்தியாலம் பறந்தது?”

“பத்தரை அப்பா. ஏன்?”

“சும்மா கேட்டனான். படிக்கிற ஆள்தானே, எல்லாத்தையும் அறியவேணும்.”

பத்தரை. கவனித்தீர்களா? செய்தியில் உள்ள பதினாறும் இல்லை, உண்மையான ஆறும் இல்லை. சந்தையில் விலை பேசுகிறவர்கள்தான் இப்படி நடுவில் ஒரு இலக்கத்தைச் சொல்லுவார்கள்.

சம்பந்தி, ஒரு நேரச் சாப்பாட்டுக்காக இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைக்காதேங்கோ. நான் பயப்படுவது வேறு. உங்கள் வீட்டில் லிப்ட் இருக்கிறது, தண்ணீர் குழாயில் வருகிறது, கடை கீழே. எங்களிடம் வர, வான், பிறகு காற்று, பிறகு படகு, படகு ஆடுகிற ஆட்டத்தில் சத்தி எடுப்பு. இந்த முறை பத்து மணித்தியாலம் உங்களிடம் நின்றவன் அடுத்த முறை பத்து நாள் நிற்பான். அதற்கடுத்த முறை, “அப்பா, அம்மா, நீங்கள் வெள்ளவத்தைக்கு வாங்கோவன், உங்களை அங்கை பாக்கிறன்” என்பான். இரஞ்சிதத்துக்கு முழங்கால் ஏலாது. படகில் இறக்கி ஏற்ற நாலு பேர் வேண்டும். அப்படிப் பார்த்தால் அவனுக்கு இந்தத் தீவுக்கு வருவதற்கு இன்னும் எத்தனை தரம் மிச்சம் இருக்கிறது என்று நான் எண்ணத் தொடங்கினேன், அதற்கு ஒரு கை விரல் போதும் போலிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். அவன் உங்களுக்கும் பிள்ளைதான், இல்லை என்று சொல்லவில்லை. வரும்போது முதலில் பெற்றவர்கள் வீடு, போகும்போது கடைசியாகப் பெண் வீடு, அதுதான் முறை. நாளைக் காலைப் படகில் புறப்படுகிறான், இரவு உங்கள் வீட்டில் தங்கி விடிய விமானம் ஏறுவான், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டான், எனக்குப் பூரண சம்மதம். ஒளித்து நின்றதுதான் எனக்குச் சம்மதமில்லை. ஒளித்து வைத்தவர்களும் அதை யோசிக்க வேண்டும்.

சம்பந்தி அம்மாவின் கைநடுக்கம் சுகப்பட அம்மாளுக்கு விளக்கு வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் நீரிழிவும் அடங்கி, நீங்கள் இருவரும் நீண்ட காலம் இருந்து பேரப்பிள்ளைகளின் கலியாணம் பார்க்கவேண்டும். இவை கோபத்தோடு எழுதியவை என்றாலும் மனதார எழுதியவை.

இப்படிக்கு,
எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும், கணக்குப் பிழை இல்லை என்ற உறுதியோடு,
ஏரம்பு.

பிற்குறிப்பு: இதைக் குறிகட்டுவானில் எமிலியின் தேத்தண்ணிக் கடை மரவாங்கில் இருந்து எழுதுகிறேன். மேலே எழுதியதைக் கடலில் போடுவதற்காகத்தான் இன்று படகில் ஏறினேன். நடுக்கடலில் கையை வெளியே நீட்டினேன். ஆனால் இதை எழுதப் பதினொரு நாள் பிடித்தது, இதிலே நான் எழுதிய ‘ழ’க்களைப் போல அழகான ‘ழ’ வேறு எங்கும் எனக்கு வரவில்லை. கையை உள்ளே எடுத்துவிட்டேன். ஆகவே முழுவதையும் அனுப்புகிறேன். நீங்கள் தயவுசெய்து எழுத்தை மட்டும் பாருங்கோ, விசயத்தைப் பார்க்க வேண்டாம்.

நடந்தது என்னவென்றால், சதீசன் உங்கள் வீட்டிலிருந்து போய் விமானம் ஏறிய அன்று, பகல் ஒரு மணிக்கு அவன் லண்டனில் இறங்குவான் என்று அம்மாள் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். பிள்ளை இறங்கிவிட்டான் என்று அம்மாளுக்கு அறிவித்த தேங்காய் அது. ரெலிபோன் எடுத்தால் பதில் இல்லை. முதலில் எனக்குப் பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஏறாமல் உங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு மணி ஆனது. இரஞ்சிதம் சாப்பிடவில்லை, கூட்டுமாற்றையும் தொடவில்லை, பிள்ளை போய்ச் சேரும் வரை அவள் வீடு கூட்டுவதில்லை. மூன்று மணிக்குச் சந்தேகம் என்னை விட்டுப் போய்விட்டது. பயம் வந்து இருந்தது. சந்தேகம் எவ்வளவு சுகமான சாமான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவன் உங்கள் வீட்டில் ஒளித்து இருந்தால் போதும் அம்மாளே என்று வேண்டினேன். உங்களுக்கு ரெலிபோன் எடுக்கலாம் என்று பார்த்தால், இந்தக் கடிதம் அலுமாரிக்குள் இருந்து என்னைப் பார்த்தது. ஆறரைக்கு, இரஞ்சிதம் விளக்கு வைத்துக்கொண்டிருக்கும்போது, படத்தோடு அழைப்பு வந்தது. “இப்பதான் அப்பா இறங்கினனான்” என்றான். அவனுக்குப் பின்னால் கண்ணாடிக்கு வெளியே நல்ல பகல். சுவரில் மணிக்கூடு ஒரு மணி காட்டியது. இங்கே எங்கள் முகத்தில் விளக்கு வெளிச்சம். ஒரே நிமிடத்தில் அங்கே மத்தியானம், இங்கே பொழுதுபட்ட நேரம். ரீச்சர் சொன்னது சரி. இருந்தாலும் நடுவழியில் என்ன மணி என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அதை நான் விடப்போவதில்லை.

போய்ச் சேர்ந்த சந்தோசத்தில் இரஞ்சிதம் அந்த எவர்சில்வர்ச் சட்டியை எடுத்துப் பணியாரம் தந்தாள்.

“உது வெள்ளவத்தைப் பணியாரமோ?” என்றேன்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன பிடிச்சது? நான் சுட்டதெல்லோ. பொடியனுக்கெண்டு சுட்டு வைச்சதிலை பாதியைக் காணேல்லை, பூனையெண்டு இருந்தன்.”

“அப்ப சட்டி?”

“கலியாணத்துக்குச் சம்பந்தி அம்மா பலகாரம் போட்டு அனுப்பின சட்டி. ஒன்பது வருசமா நீங்கள் இதுக்குள்ளைதானே புட்டு எடுத்துத் தின்னுறியள்.”

ஆகவே சட்டி விசயத்தில் நீங்கள் குற்றமற்றவர்கள். இரஞ்சிதம் நன்றாகச் சுட மாட்டாள் என்று மேலே எழுதிய வரியை வெட்டலாம் என்று பார்த்தேன், வெட்டி எழுதினால் ரீச்சர் புள்ளி குறைப்பா என்ற பழக்கத்தில் கை வரவில்லை. அதை நீங்கள் மறந்துவிட வேண்டும். இரஞ்சிதமும் வாசிகசாலையில் சேரப்போகிறாளாம்.

கணக்கையும் திருத்திச் செய்தேன். அங்கே ஒன்று, இங்கே ஆறரை. அப்படியென்றால் போகும்போது பதினொன்றரை மணித்தியாலம். வரும்போது பதினாறில் ஐந்தரையைக் கழித்தால் பத்தரை, அவன் கிணற்றடியில் சொன்ன அதே பத்தரை. ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம், அது கனகசபை சொன்ன காற்று. ஆனால் எந்தப் பக்கம் குறைவு என்று பாருங்கோ, சம்பந்தி. எங்களிடம் வரும்போதுதான் அவன் ஒரு மணித்தியாலம் முந்தி வருகிறான். இதை நான் படகில் எல்லாருக்கும் சொன்னேன்.

மிச்சத்தை எமிலி சொன்னாள். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, “உங்கட மகன் போயிட்டாரோ ஐயா?” என்றாள். “வந்த அண்டைக்கு முதல் படகுக்கு முன்னம் என்ரை கடையிலைதான் பாணும் சம்பலும் திண்டவர். முதல்நாள் பின்னேரப் படகு தவறிப்போச்சாம், வானுக்குள்ளையே படுத்து எழும்பினவர். ஒரு நாள் முழுக்கப் பட்டினி எண்டவர், பாவம். பெட்டியைத் திறந்து புதுச் சட்டை ஒண்டு எடுத்து மாத்தினவர், அம்மா பாத்தால் கவலைப்படுவாவாம்.”

“கொழும்பிலை மாமியார் வீடு இருக்கே. அங்கை போய்ச் சாப்பிட்டு வந்திருக்கலாமே?” என்றேன்.

“நானும் உதைத்தான் கேட்டனான். ‘போகலாந்தான் அக்கா, ஆனால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும்’ எண்டவர்.”

சம்பந்தி, தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. இதில் எனக்கு விளங்காதது ஒன்றுதான். நான் சந்தேகக்காரன் என்று என் பிள்ளைக்கு யார் சொன்னது? நானாக அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. நீங்கள் ஏதும் சொன்னீர்களோ என்று கேட்கவில்லை. நினைத்துப் பாருங்கோ, அவ்வளவுதான்.

அது நிற்க. அடுத்த முறை அவன் வந்து இறங்கினால், தயவுசெய்து நீங்களே விமான நிலையத்துக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்து, குளிக்க வார்த்து, சம்பந்தி அம்மாவின் கையால் வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, கொஞ்சம் நித்திரைகொள்ள விட்டு அனுப்புங்கோ. முதல் சோறு அங்கேயே இருக்கட்டும், இரஞ்சிதத்துக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். பத்து மணித்தியாலம் வைத்திருக்கலாம், நான் கேட்க மாட்டேன். பதினோராவது மணித்தியாலம் தொடங்கினால் எழுதுவேன். இப்போது எனக்கு எழுதத் தெரியும்.